பூ எடுத்த கைக்குக் காலைச் சோறு

இன்று காலை சின்னாளப்பட்டியில் பஸ் ஏறியபோது, ஒரு பூ மூட்டைக்குப் பக்கத்தில்தான் எனக்கு இடம் கிடைத்தது. ஈரத் துணி போட்டுக் கட்டிய மல்லிகை மூட்டையைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். "திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போகுது தாயி, மிதிச்சிராதீக" என்றார். பஸ் முழுக்க மல்லிகை வாசம். முன் சீட்டில் இருந்த பெண் கண்ணை மூடி மூச்சை நன்றாக இழுத்து விட்டாள். எனக்கோ அந்த வாசத்துக்கு அடியில் இன்னொரு நெடி தெரிந்தது. மருந்து அடித்த செடியிலிருந்து எடுத்த பூவில் லேசாக ஒட்டியிருக்குமே, அந்த நெடி. உன்னோடு வேலை பார்த்த பிறகு மல்லிகை எனக்கு ஒற்றை வாசமாக வந்ததே இல்லை.

உன்னிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது. இப்படிச் சின்னதாக ஏதாவது கண்ணில் பட்டால் உனக்குச் சொல்லியே பழகிவிட்டேன். நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாம் முதலில் சந்தித்தது கன்னிவாடிப் பக்கம் ஒரு கத்திரித் தோட்டத்தில். ஊர்களில் எதைப் பயிர் செய்கிறார்கள், அது அந்த வீடுகளின் சாப்பாட்டையும் உடம்பையும் என்ன செய்கிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி அது. நான் காலேஜில் ஊட்டச்சத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள். என் வேலை தட்டைப் பார்ப்பது. நீ வேளாண்மை படித்தவள், ஒட்டன்சத்திரத்துக் காய்கறி விவசாயி வீட்டுப் பெண். உன் வேலை நிலத்தைப் பார்ப்பது. இரண்டு பேரும் சேர்ந்து போகவேண்டும் என்று மேலே இருந்தவர்கள் முடிவு செய்திருந்தார்கள். நாம் ஒத்துப்போவோமா என்று யாரும் கேட்கவில்லை.

அன்று அந்தத் தோட்டத்து வீட்டில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். சோறு, புளித்தண்ணி, ஊறுகாய். வேலிக்கு அந்தப் பக்கம் செடி தாங்காமல் கத்திரிக்காய் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அந்த வீட்டுக்காரரிடம், "ஏண்ணே, கத்திரிக்கா வெஞ்சனம் வைக்கலையா?" என்று கேட்டேன்.

"அது ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போயிருச்சும்மா" என்றார். சொல்லும்போதே அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நான் சிரிக்கவில்லை. பாடம் நடத்துகிற மாதிரி காய்கறியின் அவசியத்தைச் சொல்லத் தொடங்கினேன். நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய். "எங்க வூட்டுலயும் அப்படித்தானுங்க. நல்ல காயி மூட்டையில போயிரும். சொத்தை விழுந்தது மட்டும் அடுப்புக்கு வரும். சொத்தை கம்மியா இருக்குற வருசம் நாங்க கத்திரிக்காயே பாக்க மாட்டோம்" என்றாய். அந்த மனிதர் உடனே பாயை இன்னும் கொஞ்சம் விரித்து உன்னை உட்காரச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் உன்னிடம்தான். எனக்கு எரிச்சலாக இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ, "ஏம்புள்ள, விளைச்சல் கூடுனா காயி குறையுது பாத்தியா? இது எப்படிக் கணக்கு?" என்று கேட்டாய். உன் முகத்தில் வருத்தம் ஏதும் இல்லை. நல்ல விடுகதை கிடைத்த குழந்தை மாதிரி இருந்தாய். அந்த முகத்தைப் பார்த்துத்தான் என் எரிச்சல் போனது.

பெரிய விடுகதை அதற்கப்புறம்தான் வந்தது. நாம் பார்த்த ஊர்களில் ஒன்று அய்யலூர்ப் பக்கத்து மானாவாரி ஊர். கம்பு, தட்டைப்பயறு, கொஞ்சம் ஆடு. மழை இருந்தால் விளைச்சல், இல்லையென்றால் கூலி வேலை. இன்னொன்று நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகை ஊர். அங்கே கையில் காசு புழங்கியது. காரை வீடு, வாசலில் வண்டி, தெருமுனைக் கடையில் முட்டை, வாரத்தில் கறி. எந்த ஊர்ப் பெண்களுக்கு ரத்தம் குறைவாக இருக்கும் என்று பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால் நான் யோசிக்காமல் மானாவாரி ஊரைச் சொல்லியிருப்பேன். பரிசோதனை முடிவு தலைகீழாக வந்தது. மல்லிகை ஊர்ப் பெண்கள்தான் வெளுத்திருந்தார்கள்.

நான் மறுபடி சோதிக்கச் சொன்னேன். அப்போதும் அதேதான். "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்" என்று வீடு வீடாகக் கேட்டதையெல்லாம் புரட்டிப் பார்த்தோம். மல்லிகை ஊரில் சாப்பாடு மோசமில்லை, சில வீடுகளில் நன்றாகவே இருந்தது. குடற்புழுவா என்று பார்த்தோம், அதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து நீ ஒவ்வொரு காரணமாகச் சொல்வாய், நான் ஒவ்வொன்றாக அடிப்பேன். பிறகு நான் சொல்வேன், நீ அடிப்பாய். கடைக்காரர் நமக்குச் சண்டை என்று நினைத்து ஒருநாள் சமாதானம் செய்ய வந்தார், ஞாபகம் இருக்கிறதா?

அந்தச் சமயத்தில்தான் முத்துலட்சுமி வந்தாள். மல்லிகை ஊரில் ரத்தம் எடுக்கிற வரிசையில் கடைசியாக நின்றவள். நிறைமாதத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. நர்ஸம்மா அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தம் எடுத்தார். முடிவைப் பார்த்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார். "இப்படியே பிரசவத்துக்குப் போனா தாங்க மாட்டா. உடனே திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் இரும்புச்சத்து ஏத்தணும். ஒருநாள் விட்டு ஒருநாள் போகவேண்டியிருக்கும்" என்றார்.

உன்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் மாமியார் பேச்சியம்மா. கெட்டவர் இல்லை, அதை இன்றும் சொல்வேன். கல்யாண முகூர்த்தங்கள் நெருங்கிய மாதம் அது. வீட்டில் பூ எடுக்க அவரும் மருமகளும்தான். மகன் தோட்டம் தோட்டமாகப் பூ மூட்டை ஏற்ற விடியுமுன் வண்டியை எடுத்தால், உச்சி வெயிலுக்குத்தான் திரும்புவான். கூலிக்கு ஆள் கூப்பிட்டால் எல்லாத் தோட்டத்திலும் அதே நேரத்தில் வேலை, யாரும் கிடைப்பதில்லை.

"முகூர்த்தம் முடியட்டும் தாயி. நானே கூட்டிட்டு வாரேன்."

"அதுவரைக்கும் பொறுக்க முடியாதும்மா. உயிர் விஷயம்."

"மொட்டு பொறுக்குமா? விரிஞ்சிருச்சுன்னா பொணத்துக்குக் கூட வாங்க மாட்டாக."

நான் முத்துலட்சுமியைப் பார்த்தேன். அவளாவது வருகிறேன் என்பாள் என்று நினைத்தேன். அவள் சுவரில் சாய்ந்துகொண்டு, "நான் போயிட்டா பூவ யாருக்கா எடுக்குறது?" என்று என்னையே கேட்டாள். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். பிரசவத்தில் ரத்தப்போக்கு, குழந்தையின் எடை, எல்லாம். பேச்சியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் சரி என்று மட்டும் சொல்லவில்லை.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்த நீ அப்போதுதான் திரும்பி வந்தாய். "ஏனுங்கம்மா, பூவு நான் எடுக்கறனுங்க. புள்ளய இவகூட அனுப்புங்க."

பேச்சியம்மா உன்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ எடுப்பியா? படிச்ச புள்ள."

"காயி பறிச்ச கைதானுங்க. பூவு எடுத்தது இல்ல. நீங்க செத்த நேரம் காட்டிக் குடுங்க."

'படிச்ச புள்ள' என்றதற்கு 'பறிச்ச கை' என்று நீ திருப்பிச் சொன்னதில் கிழவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் முத்துலட்சுமி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள்.

அலுவலகத்தில் நம்மைக் கண்டித்தார்கள். ஆராய்ச்சிக்குப் போன இடத்தில் நாமே புகுந்து ஒன்றை மாற்றினால் முடிவு கெட்டுப்போகும் என்றார்கள். நீ பணிவாகக் கேட்டுக்கொண்டாய். "அந்த வூட்டைக் கணக்குல இருந்து எடுத்துருங்க சார். நான் லீவு போட்டுக்கறேன்" என்றாய். லீவு கிடைத்தது.

நீ பேச்சியம்மா வீட்டிலேயே தங்கிவிட்டாய். நான் காலையில் அங்கே வந்து முத்துலட்சுமியைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல் போவேன். முதல் நாள், ஊசி ஏறத் தொடங்குமுன் ஏதாவது சாப்பிடவேண்டும் என்று ஆஸ்பத்திரி வாசல் கடையில் இட்லி வாங்கிவந்தேன். அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடி கழுவினாள். இட்லியைப் பிட்டு வாயில் வைத்தவள் அப்படியே நிறுத்திவிட்டு, "வெயில் ஏறுறதுக்கு முன்ன சாப்ட்டு எம்புட்டு நாளாச்சுக்கா" என்றாள். நான் சும்மா தலையாட்டினேன். அந்தப் பேச்சில் என்ன இருந்தது என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை.

உனக்கு அங்கே தோட்டத்தில் பிடிபட்டுக்கொண்டிருந்தது. அன்று மத்தியானம் நாங்கள் திரும்பியபோது நீ தொட்டிப் பக்கம் உட்கார்ந்து கையைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாய். "மோந்து பாரு" என்று உள்ளங்கையை என் மூக்குக்கு நேராக நீட்டினாய். மல்லிகை வாசம் வந்தது, அதைத் தாண்டி மருந்து நெடி குப்பென்று ஏறியது.

"சோப்பு போட்டாச்சு. எலுமிச்சை தேச்சாச்சு. போவே மாட்டேங்குது. பேச்சியம்மா தூக்குவாளியில பழைய சோறு கொண்டாந்தாங்க. ஒரு வாய் வெச்சேன், கொமட்டிருச்சு. அவங்களும் சாப்புடல. யாருமே சாப்புடல புள்ள. தோட்டத்துல அத்தனை பேரும் டீ மட்டும்தான் குடிக்கறாங்க."

"டீ எதுக்கு?"

"டம்ளரைப் புடிச்சுக் குடிக்கலாமல்ல. கை சோத்துல படாது. வெயில் உச்சிக்கு ஏறுற வரைக்கும் வெறும் டீ. வூட்டுக்கு வந்து குளிச்சுட்டுச் சாப்புடறாங்க, மறுபடி அதுக்கு மேல ஒரு டீ. தண்ணி கூடக் குடிக்கறது இல்ல. குடிச்சா ஒதுங்க எடமில்ல."

நான் அங்கேயே தொட்டித் திண்டில் உட்கார்ந்துவிட்டேன். சாப்பாட்டை ஒட்டி டீ குடித்தால் சாப்பாட்டிலிருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. இது நான் வருஷா வருஷம் வகுப்பில் சொல்கிற பாடம். பூ விரியுமுன் எடுக்கவேண்டும், மொட்டுப் புழுவுக்கு மருந்து அடித்தே ஆகவேண்டும், இது உன் பாடம். இரண்டும் ஒரே பெண்ணின் கையில் சேர்ந்திருந்தன. நாம் வீடு வீடாக "என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேட்டோம். எப்போது சாப்பிட்டீர்கள், ஏன் அதற்கு முன்னால் சாப்பிடவில்லை என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் "பசிக்கலை" என்றுதான் சொல்லியிருப்பார்கள். உனக்கே அன்று பசிக்கவில்லையே. "வயிறு காலையில கூவி ஓய்ஞ்சு போச்சாட்ட இருக்குது" என்று வயிற்றைத் தடவிக்கொண்டு நீ ஆச்சரியப்பட்டாய். உடம்பு இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிறதே என்பதுதான் உனக்கு அன்று பெரிய அதிசயம்.

அதோடு விட்டாயா? அடுத்த முறை வரும்போது திண்டுக்கல்லில் எவர்சில்வர் ஸ்பூன்கள் வாங்கிவரச் சொன்னாய். ஸ்பூனில் சாப்பிட்டால் கை படாதே என்று உன் யோசனை. வரப்பில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தோம். சிரிப்பு தாங்கவில்லை அவர்களுக்கு. "ஏடி, கலெக்டரம்மா சாப்புடப் போறாகடி" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி ஸ்பூனைத் தலையில் பூ மாதிரி செருகிக்கொண்டாள். அந்த ஸ்பூன்களெல்லாம் சர்க்கரை டப்பாவுக்குள்ளும் காப்பித்தூள் டப்பாவுக்குள்ளும் போய்ச் சேர்ந்தன.

உன் முகம் வாடவில்லை. "இது இல்ல. வேற?" என்று அவர்களிடமே கேட்டாய். டம்ளரில் குடிக்க முடிந்தால் டீதான் குடிக்கவேண்டுமா, கூழ் குடித்தால் ஆகாதா என்று பேச்சு போயிற்று. கம்பு அந்த ஊரில் யாரிடமும் இல்லை. நீ அய்யலூர் ஊரிலிருந்து வாங்கிவந்தாய். சில பெண்களுக்குப் பிடித்தது. இளவட்டங்கள் கூழா என்று முகம் சுளித்தார்கள், அவர்கள் அங்கன்வாடி சத்துமாவைக் கஞ்சியாகக் கேட்டார்கள். சரி, அதை விடியுமுன் யார் காய்ச்சுவது என்ற கேள்வி வந்தது.

முத்துலட்சுமி மெதுவாக, "அவரு காய்ச்சட்டும்" என்றாள்.

வரப்பு முழுக்கச் சிரிப்பு. பேச்சியம்மா சிரிக்கவில்லை. "ஆமா, வண்டிய எடுக்குறதுக்கு முன்னாடி சும்மா பீடிதான் குடிக்கான்" என்றார். மறுநாளே மகனை அடுப்பு முன் உட்காரவைத்தார். கஞ்சி கட்டி கட்டியாக இருந்தது. நீ குடித்துவிட்டு, "பரவால்லீங்க, கடிச்சும் சாப்புடலாம்" என்றாய். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே அடுத்த நாள் நன்றாகக் கலக்கினான்.

எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். பூ எடுக்கிற நேரத்தை ஒட்டி மருந்து அடிக்காமல், எடுத்து முடித்த பிறகு சாயங்காலத்துக்குத் தள்ளிப்போடலாம், எடுக்கிறவர்களுக்கு இடைவெளி கிடைக்கும் என்று நீ தோட்டக்காரர்களிடம் நடையாய் நடந்தாய். சிலர் செய்தார்கள். பலர், புழு விழுந்தால் நீயா வந்து வாங்கப்போகிறாய் என்றார்கள். ஆனால் முத்துலட்சுமி பிழைத்தாள். பிரசவத்தன்று நாம் இருவரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றோம். பெண் குழந்தை. எடை போட்டபோது நீ தராசைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் தலையாட்டியதும் பேச்சியம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாய். அவர் உன் கையை எடுத்து மோந்து பார்த்து, "வாட போயிருச்சு தாயி" என்றார்.

அந்த ஆராய்ச்சி முடிந்து நீ உன் ஊர்ப் பக்கமே வேலைக்குப் போய்விட்டாய். எனக்கு இங்கே காலேஜ், வீடு, பிள்ளைகள். நேரில் பார்ப்பது குறைந்தது. போன் மட்டும் நிற்கவில்லை. "நல்லாருக்கியா" என்று நீ கேட்டு நான் கேட்டதில்லை. எடுத்ததும் கேள்விதான். "முருங்கைக்காய் லோடு லோடாப் போகுதே, கீரைய ஏன் யாரும் திங்கறது இல்ல?" "மாடு வித்த வூட்டுல பாலுக்குப் பதிலா என்ன வருது, தெரியுமா?" ஒரு தடவை என் மகளின் பள்ளிக்கூட விழாவில் இருந்தபோது கூப்பிட்டு, மக்காச்சோளம் போட்ட ஊரில் கோழி முட்டை என்ன ஆயிற்று என்று கேட்டாய். "ஏண்டி, இப்பவா?" என்றேன். "சரி சரி, ராத்திரிக்கு யோசிச்சு வை" என்று வைத்துவிட்டாய்.

போன வருஷம் மதுரை ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்திருப்பதாக உன் தம்பி சொன்னபோது நோய் முற்றியிருந்தது. கட்டிலில் பாதியாக இருந்தாய். கஞ்சி கூட இறங்கவில்லை. நான் உள்ளே வந்தபோது தரை துடைக்கிற அக்காவை நிறுத்திவைத்துப் பேசிக்கொண்டிருந்தாய். "காலையில என்னுங்க சாப்புட்டீங்க? எத்தன மணிக்கு?" அந்த அக்கா துடைப்பக் கட்டையில் சாய்ந்துகொண்டு, முதல்முறையாக யாரோ கேட்டதுபோல, விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். நான் அழப்போகிறேன் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு இடம் கொடுக்காமல் கேட்டாய்.

"ஏம்புள்ள, அய்யலூர்ப் பக்கம் மழை நல்லாப் பேஞ்ச வருசம் சின்னப் புள்ளைங்க எளைச்சுது, பாத்தமல்ல? வெளைச்சல் இருக்குது, வூட்டுல தானியம் இருக்குது. அப்புறம் ஏன் எளைக்கோணும்?"

"அம்மாக்களுக்கு வேலை கூடிரும். களையெடுப்பு, அறுப்பு. பிள்ளைக்கு ஊட்ட நேரம் இருக்காது."

"அது பாதிதான்" என்றாய். மூச்சு வாங்கியது. "மீதிய யோசி."

அதுதான் நாம் பேசிய கடைசிப் பேச்சு. அடுத்த முறை நான் வந்தபோது நீ கண் திறக்கவில்லை.

உன் காரியம் முடிந்து கொஞ்ச நாள் எனக்கு எதிலும் மனம் போகவில்லை. பிறகு மழை தொடங்கியது, நன்றாகவே பெய்தது. என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. மாணவிகளைக் கூட்டிக்கொண்டு அய்யலூர் ஊருக்குப் போனேன். களையெடுத்துக்கொண்டிருந்த ஒரு இளம் தாயிடம், நான் தெரிந்து கேட்கவில்லை, பதில் எனக்கும் தெரியாததால்தான் கேட்கிறேன் என்று சொல்லி, உன் கேள்வியை அப்படியே கேட்டேன். அவள் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு வரப்புக்கு வந்து உட்கார்ந்தாள்.

"நானும் யோசிச்சிருக்கேன்க்கா" என்றாள். ஊருக்கு வெளியே கையைக் காட்டினாள். "மழை பேஞ்சா அந்த ஓடையில தண்ணி ஓடும். அங்கன்வாடி அந்தப் பக்கம். தண்ணி வடியுற வரைக்கும் பிள்ளைகள அனுப்ப மாட்டோம். சோறும் போச்சு, முட்டையும் போச்சு. வறண்ட வருசம்னா பிள்ளைக ஒருநாள் விடாமப் போகும்."

நான் ஓடையைப் பார்த்தேன். செம்மண் கலங்கித் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. எத்தனையோ தடவை நாம் இருவரும் செருப்புக் காலோடு தாண்டிப்போன காய்ந்த ஓடை. அதில் தண்ணீர் ஓடி நாம் பார்த்ததே இல்லை; மழை வருஷத்திலும் தண்ணீர் வடிந்து பாதை காய்ந்த பிறகுதான் போனோம்.

மாணவிகளில் ஒருத்தி, "கண்டுபிடிச்சாச்சு மேடம்!" என்று குதித்தாள். நானும் சந்தோஷப்பட்டேன். அங்கே ஒரு சின்னப் பாலம் போடச் சொல்லி மனுக் கொடுத்திருக்கிறோம், ஊர்க்காரர்கள் அலைந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் அன்று திரும்பி வரும் வழியெல்லாம் என் மனம் வேறெங்கோ இருந்தது. ஓடைக்கு இந்தப் பக்கத்திலேயே அங்கன்வாடி இருக்கிற பக்கத்து ஊர் ஒன்று உண்டு. அங்கேயும் மழை வருஷத்தில் சில பிள்ளைகள் இளைத்திருந்தார்கள். அது ஏன் என்று எனக்கு இன்னும் தெரியாது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் அங்கே போகிறேன்.